"மாடு எங்கே, தாத்தா?"

ரிட்டயர் ஆன முதல் மூன்று மாதம் வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும். ராமேஸ்வரம் ஒரு நடை, பெங்களூரில் பெண் வீட்டுக்கு ஒரு நடை, சென்னையில் பிள்ளை வீட்டில் பதினைந்து நாள்... நாலாவது மாதம்தான் சங்கதி புரியும். காலையில் பேப்பர், அதுவும் வரி விளம்பரம் வரை விடாமல். அப்புறம் டி.வி. அப்புறம் அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று ஒரு விசாரணை. கூட்டுறவு வங்கியில் முப்பத்தைந்து வருஷம் கையெழுத்துப் போட்ட மனுஷர், பால் பாக்கெட் ஆறு நிமிஷம் லேட்டாக வந்ததற்காக அந்தப் பையனோடு மல்லுக்கு நிற்பார்.

நான் சொல்வது எங்கள் வீட்டுக்காரரை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் (இருப்பார்!) மேலே படியுங்கள்.

அவருக்கு பி.பி. உண்டு, கொஞ்சம் ஷுகர் உண்டு. மாத்திரையெல்லாம் மணி தவறாமல்தான். டாக்டர் சொன்னபடி தினமும் நடையும் உண்டு. ஆனாலும் முகத்தில் ஒரு சோர்வு. ராத்திரி தூக்கமில்லை. எதைக் கேட்டாலும் 'சுள்'ளென்று விழுவது. மறுபடி டாக்டரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். வாரத்துல ஒரு நாளாவது, நீங்க வரலைன்னா 'ஏன் வரலை'ன்னு கேட்கிற இடம் ஏதாவது இருக்கா?" என்றார். இவர் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதும் பேசவில்லை.

அந்தக் கோடை லீவில் பேரனும் பேத்தியும் வந்தார்கள். வெயிலில் எங்கே கூட்டிக்கொண்டு போவது? அரண்மனைக்குப் போனோம். தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம் எங்களுடையது. ஆனால் கலைக்கூடத்துக்குள் நான் கடைசியாகக் கால் வைத்தது ஸ்கூல் எக்ஸ்கர்ஷனில்தான். நம் ஊர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தானே? வெளிநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் செலவு செய்துகொண்டு வந்து பார்க்கிறான், நாம் அதே வீதியில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

உள்ளே திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் முன்னால் நின்றோம். நீங்கள் பார்த்திருக்காவிட்டால் ஒரு வார்த்தை சொல்கிறேன். மூன்றரை அடி உயரம் இருக்கும். ஜடையையே தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டியிருக்கிறார். காலைக் குறுக்கே வைத்து, ஒரு கையை இடுப்போரம் தொங்கவிட்டு, இன்னொரு கையை மடக்கிச் சாய்ந்து நிற்கிறார். எதன் மேல் சாய்ந்திருக்கிறார்? ஒன்றும் இல்லை, வெறும் காற்றுதான்! பக்கத்தில் அம்பாள், தலையை லேசாகச் சாய்த்தபடி.

ஏழு வயதுப் பேத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, "சாமி கையை எது மேல வச்சிருக்கு?" என்றாள். "ரிஷபத்து மேலேம்மா, மாடு" என்றார் இவர், பெயர்ப் பலகையைப் பார்த்து. "மாடு எங்கே, தாத்தா?"

தாத்தாவுக்குத் தெரியவில்லை. சிரித்து மழுப்பினார். குழந்தை விடவில்லை. "யாரு எடுத்துட்டுப் போனா? எப்போ? இப்ப சாமி கீழ விழாதா?"

அன்றைக்கு ராத்திரியும் அவர் தூங்கவில்லை. ஆனால் இது வேறு தூக்கமின்மை! மறுநாள் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "எங்கே?" என்றேன். "மாடு தேடி" என்றார்.

மாடு கிடைக்கவில்லை, அது காணாமல் போனது போனதுதான். ஆனால் அவருக்கு மற்றதெல்லாம் கிடைத்தது. சரஸ்வதி மகாலிலும் பழைய புத்தகக் கடையிலும் தேடித் தேடிப் படித்தார். ராஜராஜ சோழன் காலத்தில் 1011-ல் செய்த மூர்த்தி அது. அம்பாள் அடுத்த வருஷம் வந்து சேர்ந்திருக்கிறாள். திருவெண்காட்டுக் கோயிலிலேயே இதற்குக் கல்வெட்டு ஆதாரம் இருக்கிறது. பிற்காலத்தில் எந்தப் படையெடுப்புக்குப் பயந்தோ யாரோ மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை. 1950-களின் தொடக்கத்தில்தான் மண்ணிலிருந்து வெளியே வந்தது. அதே திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரி சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போய்விட்டார். ரிஷபவாகனரும் பிட்சாடனரும் கல்யாணசுந்தரரும் கண்ணப்பரும் நம் தஞ்சாவூரில் தங்கிவிட்டார்கள்.

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆனவர்கள், பிள்ளைகள் வெளியூர் போய் வீட்டில் தனியாக இருப்பவர்கள் எல்லோரும் வாரத்தில் இரண்டு மணி நேரத்தை இந்த மாதிரி ஒரு கலைக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது, பொன்னாடை கிடையாது. வருகிற பிள்ளைகளுக்கு நாலு விஷயம் சொல்வது, அவர்கள் கேட்கிற கேள்விக்குப் படித்துவிட்டு வந்து பதில் சொல்வது, சிலையைத் தொடப் போகிற கையைத் தன்மையாகத் தடுப்பது, அவ்வளவுதான்.

'இதென்ன வெள்ளைக்காரன் பழக்கம்' என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மியூசியத்தில் 1907-லேயே இப்படி ஆட்களை வைத்து விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்பது உண்மைதான். இன்றைக்கு அங்கே பெரிய மியூசியங்கள் பலவற்றில் பாட்டிமார்களும் தாத்தாமார்களும்தான் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் நம் கலைக்கூடம் பிறந்த கதையே தொண்டுக் கதைதானே! 1951-ல் இது ஆரம்பமானபோது, தஞ்சை ஜில்லாவின் மூலை முடுக்கெல்லாம் வயல் வரப்பிலும் இடிந்த கோயிலிலும் புளியமரத்தடியிலும் கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான். 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதிய அதே தொண்டைமான்தான். திருநெல்வேலிக்காரர், சர்க்கார் உத்தியோகத்தில் இங்கே வந்தவர். ஃபைல் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. சிலை பொறுக்கு என்று எந்த அரசாங்க உத்தரவும் அவரை விரட்டவில்லை. மனசுதான் விரட்டியது. அவர் மாதிரி ஆட்கள் அன்றைக்கு ஓடியாடிச் சேர்த்ததைச் சும்மா போய்ப் பார்க்கக்கூட நமக்கு நேரமில்லை என்றால் எப்படி?

சரி, ஹெல்த் பத்திரிகையில் இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட சுமார் 13,000 பேரை வருஷக்கணக்கில் கவனித்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருஷத்துக்கு நூறு மணி நேரம், அதாவது வாரத்துக்கு இரண்டு மணி, தொண்டு வேலை செய்தவர்களுக்கு ஆயுள் நீண்டிருந்தது. நடமாட்டத்தில் முடக்கம் குறைவாக இருந்தது. மனசு தெம்பாக இருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம் போன்ற நாள்பட்ட வியாதிகளில் ஒரு வித்தியாசமும் காணோம்! ஆகையால், 'கலைக்கூடம் போகிறேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்' என்று யாராவது ஆரம்பித்தால் அவர்களுக்காக நான் ஜவாப்தாரி இல்லை.

இங்கிலாந்தில் 2019-ல் வந்த இன்னோர் ஆய்வு. ஆறாயிரத்துச் சொச்சம் பேரைப் பதினாலு வருஷம் தொடர்ந்து பார்த்ததில், மியூசியம், நாடகம், கச்சேரி என்று சில மாதங்களுக்கு ஒரு முறையாவது போய்வந்தவர்களிடம் மரண விகிதம் 31 சதவிகிதம் குறைவாக இருந்தது. உடம்பு தெம்பாக இருப்பவர்கள்தானே வெளியே கிளம்புவார்கள் என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான மடக்கல்தான். அதற்கும் பணவசதிக்கும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் மிஞ்சியது என்கிறார்கள். இருந்தாலும் இது தொடர்பைக் காட்டுகிற ஆய்வுதான், 'இதனால்தான் அது' என்று நிரூபித்ததாகாது. கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் 2018-லிருந்து டாக்டர்கள் மருந்துச் சீட்டிலேயே 'மியூசியத்துக்குப் போய் வா' என்று எழுதிக்கொடுக்க ஒரு திட்டம் தொடங்கினார்கள். நம் ஊர் டாக்டர் எழுதினால், 'எந்த மெடிக்கல்ல கிடைக்கும்?' என்று கேட்போம்!

இதையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது 2012-ல் வந்த ஓர் ஆய்வு. தொண்டு செய்கிறவர்களிடம் 'ஏன் செய்கிறீர்கள்?' என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். நாலு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்காகச் செய்கிறேன் என்று சொன்னவர்களுக்கு ஆயுள் பலன் இருந்தது. 'என் நிம்மதிக்காக, என் கவலையை மறக்க' என்கிற மாதிரி காரணம் சொன்னவர்களுக்கோ, தொண்டே செய்யாதவர்களைவிடப் பெரிய லாபம் எதுவும் இல்லை. வேடிக்கையைப் பார்த்தீர்களா? ஆயுசு கூடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனால் கூடாது. அந்தக் கணக்கை மறந்தால்தான் கணக்கில் வரவு விழுகிறது. எங்கள் வீட்டுக்காரர் பி.பி.யைக் குறைக்கவா போனார்? மாட்டைத் தேடித்தானே போனார்!

அதனால்தான் நான் 'பொழுதுபோக்குக்கு மியூசியம் போங்கள்' என்று சொல்லவில்லை. அங்கே நிஜமாகவே வேலை இருக்கிறது. எவ்வளவு என்று கேளுங்கள்.

வெண்கலத்துக்கும் வியாதி வரும், தெரியுமா? 'வெண்கல நோய்' என்றே பெயர். நூற்றாண்டுக்கணக்கில் ஈர மண்ணில் கிடந்த சிலைக்குள் உப்பு ஏறியிருக்கும். வெளியே எடுத்த பிறகு காற்றில் ஈரப்பதம் கூடினால் அந்த உப்பு விழித்துக்கொள்கிறது. வெளிர்பச்சையாக மாவு மாதிரி பூக்கும். துடைத்தால் மறுபடி பூக்கும். உள்ளே இருக்கிற செம்பைத் தின்றுகொண்டே போகும். சென்னை மியூசியத்தில் 1930-லேயே இதற்கென்று ரசாயனக் கூடம் வைத்து, டாக்டர் எஸ். பரமசிவன் என்கிற நம்மவர் சிலைகளுக்கு மின்சார வைத்தியம் பார்த்திருக்கிறார். இப்போது நம் கைக்கு வருவோம். தஞ்சாவூர் வெயிலில் நடந்து வந்த கையில் என்ன இருக்கும்? வியர்வை. வியர்வையில் என்ன இருக்கும்? உப்பு. ஆயிரம் வருஷத்து மூர்த்தியின் பாதத்தை ஆயிரம் பேர் பக்தியோடு தொட்டால், ஆயிரம் சிட்டிகை உப்பு தடவின கணக்கு.

ஆனால் கிராமத்துப் பாட்டியிடம் போய் 'தொடாதே' என்று அதட்ட முடியுமா? அவளுக்கு அது மியூசியம் இல்லை, சாமி. "தொட்டுக் கும்பிடாம எப்படிங்க வர்றது?" என்று கேட்பாள். அங்கே காவலரின் விசில் செல்லாது. அவளைப் போலவே பேசுகிற, அவள் வயசுக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று, "ஆத்தா, கை உப்பு சாமி உடம்பை அரிக்குது. அரிச்சா நம்ம பேரப்புள்ளைக்குச் சாமி இருக்காது. இப்படித் தள்ளி நின்னு கும்பிடுங்க" என்றால் கேட்பாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, 'தப்பு தப்பு' என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட ஒரு பாட்டியை நானே பார்த்தேன்.

அடுத்த வேலை, பிள்ளைகளை நிறுத்திப் பார்க்க வைப்பது. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் ஒரு சமயம் கணக்கெடுத்தார்கள். ஒரு படத்தின் முன்னால் ஜனங்கள் சராசரியாக நிற்பது 27 விநாடி! நம் பள்ளிக்கூடக் கூட்டம் அதைவிட வேகம். வரிசையில் ஒரு கையை முன்னாள் பிள்ளையின் தோளில் போட்டுக்கொண்டு, கூட்ஸ் வண்டி மாதிரி ஓடியே போய்விடும். அந்த வண்டியை ஓரிடத்தில் நிறுத்த ஒரு கேள்வி போதும். தாராசுரத்திலிருந்து வந்த யானை உரித்த சிவன் கல்சிலை இருக்கிறதே, அதன் முன்னால் நிறுத்தி, "யானை எங்கே இருக்கு, கண்டுபிடிங்க பார்ப்போம்" என்றால், இரண்டு நிமிஷம் ஒரு சத்தம் இருக்காது.

இதில் டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு சௌகரியம். மெழுகில் உருச் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு, மெழுகை வடித்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஸ்வாமிமலையில் இன்றைக்கும் அப்படித்தான். எந்த மண் வழவழப்பு, எந்த மண் வெடிக்கும் என்பதெல்லாம் குறுவையும் தாளடியும் பார்த்த ஒரு விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டுமா? அவர் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற அழகு எந்தப் புத்தகத்திலும் வராது. படிப்பாளிகளுக்குத்தான் இந்த வேலை என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள்.

எதிர்ப்பேச்சுகளும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டுமே.

ஒன்று, கைடுகளின் பிழைப்பு. லைசென்ஸ் எடுத்து, நாலு பாஷை கற்றுக்கொண்டு, டூரிஸ்டுகளை நம்பி வாழ்கிறவர்கள் அவர்கள். பென்ஷன் வாங்குகிற நாம் போய் ஓசியில் விளக்கம் சொன்னால் அவர்கள் வயிற்றில் அடித்த பாவம். ஆகவே என் யோசனை: டூரிஸ்ட் பக்கமே போகாதீர்கள். அரசாங்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பஸ்ஸில் வந்திறங்குகிற கிராமத்து ஜனங்கள், கைடு வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள், இவர்கள்தான் உங்கள் கூட்டம். இதில் நான் கண்டிப்பு.

இன்னொன்று, பெண்கள். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். 'சம்பளமில்லாத தொண்டு' என்று பெரிதாகப் பேசுகிறோம். நம் வீட்டுப் பெண்கள் கல்யாணமான நாளிலிருந்து செய்வது வேறு என்ன? அறுபது வயதில் அவளுக்கு ரிட்டயர்மெண்ட் உண்டா? தாத்தா கலைக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு டிபன் செய்து, ஃபிளாஸ்கில் காபி ஊற்றி, சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்புவதும் அவள்தான் என்றால், தொண்டு செய்தது யார்? எங்கள் வீட்டில் நான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். வியாழக்கிழமை அவர் போவார். சனிக்கிழமை நான் போவேன். அன்றைக்கு ரசமும் அப்பளமும் அவர் பொறுப்பு. முதல் மாதம் ரசம் ரசமாக இல்லை. அதனால் என்ன? எனக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும், 'சாவி எங்கே, கண்ணாடி எங்கே' என்று கேட்பதில்லை. 'இந்த அம்மன் ஏன் இடுப்பை வளைச்சு நிக்குது?' என்று கேட்கிறார்கள். எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அடுப்படியிலேயே ஆயுசைக் கழித்தவர்களுக்குத்தான் புரியும்.

உடம்பு சமாசாரமும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உற்சாகத்தில் போய் முட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்புவீர்கள். அரண்மனைத் தரை கல். அதில் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்பது நடப்பதைவிடக் கெடுதல். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் எங்கேயாவது உட்காருங்கள். நின்றுகொண்டே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்காலில் தேங்குகிற ரத்தம் மேலே ஏறும். நரம்பு புடைத்துக்கொண்டிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மணிக்கணக்கில் நிற்க வேண்டாம். சர்க்கரைக்காரர்கள் எந்தக் கல்தரையிலும் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, முற்றத்துக் கல் சூட்டில் கொப்புளம் வந்தால்கூடத் தெரியாது. டிபனைத் தள்ளிப்போடாதீர்கள், மயக்கமாக வந்தால் வெளியே வந்து வாயில் போட்டுக்கொள்ளப் பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். தண்ணீரும் அப்படியே, சிலை இருக்கிற கூடத்தில் வேண்டாம், வெளியே வந்து குடியுங்கள்.

குரல் விஷயத்தில் ரிட்டயரான வாத்தியார்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வகுப்பறை ஞாபகத்தில் கத்திவிடுகிறார்கள். உயரமான கூடத்தில் சத்தம் எதிரொலித்து ஒரு வார்த்தையும் புரியாது, தொண்டைதான் புண்ணாகும். பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகப் பேசுங்கள். காது மந்தமானவர்களுக்கும் அதுதான் நல்லது. கேள்வி கேட்கிற குழந்தையின் முகம் தெரிந்தால் பாதி கேள்வி உதட்டிலேயே புரிந்துவிடும்.

எப்படி ஆரம்பிப்பது? பெரிய அமைப்பு, ரசீதுப் புத்தகம், பேனர் எதுவும் வேண்டாம். அவர் செய்தது இதுதான். ஆறு மாதம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் வெறுமனே பார்த்தார், படித்தார், நோட்டில் குறித்தார். அப்புறம் தெரிந்த தலைமையாசிரியை ஒருவரிடம், "உங்க பிள்ளைங்களை அழைச்சிட்டு வாங்கம்மா, கூட வர்றேன்" என்றார். முறைப்படி அனுமதி கேட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக உள்ளே போனார். எந்த ஊர் மியூசியமானாலும் அதிகாரிகளைப் பார்த்து எழுதிக்கொடுத்துக் கேளுங்கள். 'நான் சொல்வதுதான் சரி' என்று அங்கே இருக்கிறவர்களோடு வாதாடாதீர்கள். சொந்தக் கற்பனைக் கதை வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். முப்பது வருஷம் ஆபீசராக இருந்தவர்களுக்கு இந்த ஒன்றுதான் கஷ்டம்!

வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கும் இதில் இடமிருக்கிறது. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976-ல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் லண்டன் வரை விற்கப்பட்டு, கோர்ட்டில் ஜெயித்து 1991-ல் திரும்பிவந்த கதை பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-ல் வந்தார். அப்படித் திரும்புவதற்குப் பெரிய துணை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கிற பழைய கோயில் போட்டோக்கள். அந்த மாதிரி போட்டோவையும் வெளிநாட்டு மியூசியப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல், மடிப்பு, பீடத்துக் கீறல் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் யார்? சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி உத்தியோகம் பார்த்துக்கொண்டே இதில் இறங்கிய எஸ். விஜயகுமார் மாதிரி ஆட்களும், அவரோடு சேர்ந்த தொண்டர்களும்தான். உங்கள் வீட்டுப் பரணில், ஊர்த் திருவிழாவில் உற்சவரோடு எடுத்த பழைய போட்டோ இருக்கிறதா? பூச்சி அரிப்பதற்குள் எடுத்துத் துடைத்து, பின்னால் ஊர், கோயில், வருஷம் எழுதி வையுங்கள். அதுவும் இந்த வேலைதான். என்றைக்காவது அந்தச் சாமி காணாமல் போனால், முதல் சாட்சி உங்கள் அத்தையின் கல்யாண ஆல்பமாக இருக்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது பி.பி. மாத்திரை அதே டோஸ்தான். ஷுகரும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தூக்கம் மட்டும் தேவலை. போன வாரம் புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு முழித்திருந்தார். "என்ன?" என்றேன். "ஒரு பையன் கேட்டுட்டான். கண்ணப்ப நாயனார் காலில் செருப்பு போட்டிருக்காரே, கோயிலுக்குள்ள எப்படி விட்டாங்கன்னு. நாளைக்கு அந்த ஸ்கூல்தான் திரும்ப வருது" என்றார்.

நான் விளக்கை அணைக்கவில்லை.